ஸ்பீக்கர் பின்னாடி நாலு டெர்மினல் இருக்கா? பை-வயரிங், பை-ஆம்பிங் பத்தி முழு வழிகாட்டி

புது ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்து பெட்டிய பிரிச்சு பின்னாடி திருப்புனா, ரெண்டு டெர்மினல் இருக்க வேண்டிய இடத்துல நாலு இருக்கும், மேல ரெண்டையும் கீழ ரெண்டையும் சேத்து பளபளன்னு பித்தளைத் தகடு மாட்டியிருப்பாங்க. அத பாத்த நிமிஷத்துல இருந்து மனசு அரிக்க ஆரம்பிச்சிடும், "நாலு குடுத்திருக்கான், நாம ரெண்ட மட்டும் யூஸ் பண்றோமே"ன்னு. எனக்கும் அரிச்சுது. இன்னொரு செட் வயர் வாங்கி, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க தரையில உக்காந்து பை-வயர் பண்ணினேன், அதாவது மேல் ஜோடிக்கு ஒரு வயர், கீழ் ஜோடிக்கு ஒரு வயர்னு தனித்தனியா இழுத்தேன். சவுண்ட் அப்படியே தெறந்துக்கிச்சுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு திரிஞ்சேன். ஒரு வாரம் கழிச்சு தூசி தட்டுறதுக்காக இடது பக்க ஸ்பீக்கர நகத்துனா, தகடு ரெண்டும் அப்படியே மாட்டியிருக்கு! வலது பக்கம் மட்டும்தான் கழட்டியிருக்கேன். அதாவது இடது ஸ்பீக்கர் அந்த வாரம் பூரா பை-வயரே இல்ல, ஆனா நான் ரெண்டு பக்கமும் தெறந்துக்கிச்சுன்னு சத்தியம் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து ஒழுங்கா படிச்சு, அளந்தும் பாத்தேன். அவசரமா இருக்குறவங்களுக்கு பதில முதல்லயே சொல்லிடுறேன். பை-வயரிங்ல காதுக்கு கேக்குற வித்தியாசம் கிடையாது. பை-ஆம்பிங்னா ரெண்டு ஜோடிக்கும் ஆளுக்கொரு ஆம்ப் (சிக்னல பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற ஆம்ப்ளிஃபயர்) குடுக்குறது. ரிசீவருக்குள்ள (பல சேனல் ஆம்ப் ஒரே பெட்டியில இருக்குற ஹோம் தியேட்டர் பெட்டி) இருக்குற மிச்ச சேனல வெச்சு பண்ற பை-ஆம்பிங்ல கிட்டத்தட்ட கிடையாது. ஆக்டிவ் கிராஸ்ஓவர் (ஆம்புக்கு முன்னாடியே பேஸையும் ட்ரெபிளையும் பிரிக்கிற பெட்டி) வெச்சு பண்ற பை-ஆம்பிங்ல நெஜமாவே உண்டு, ஆனா அது வேற லெவல் வேலை. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா, இல்ல எப்படியும் செஞ்சு பாத்தே தீருவேன்னா, மேல படிங்க.

முதல்ல அந்த தகட கழட்டி ஒரு சின்ன சோதனை

ஆம்ப ஆஃப் பண்ணுங்க, பவர் பிளக்க புடுங்குங்க. ஸ்பீக்கர்ல நாலு திருகையும் தளத்தி ரெண்டு தகடையும் உருவிடுங்க. இப்ப உங்க வழக்கமான ஒரே வயர மேல் ஜோடியில மட்டும் மாட்டி, வால்யூம கீழ வெச்சு ஒரு பாட்டு போடுங்க. டூ-வே ஸ்பீக்கரா (பேஸுக்கு ஊஃபர், கீச்சு சத்தத்துக்கு ட்வீட்டர்னு ரெண்டு டிரைவர் பங்கு போட்டுக்கிறது) இருந்தா ட்வீட்டர் மட்டும் பாடும், அதாவது பாடவே பாடாது, "ஸ்ஸ்" "ச்ச்"னு பாடகரோட மூச்சும் சிம்பலோட நுனியும் மட்டும் கொசு மாதிரி கேக்கும். திரும்ப ஆஃப் பண்ணி கீழ் ஜோடிக்கு மாத்துனா கம்பளிய போத்துன மாதிரி, ஆனா முழுப் பாட்டும் அங்கதான் இருக்கும். எது ட்வீட்டர் ஜோடி எது ஊஃபர் ஜோடின்னு எழுதாத ஸ்பீக்கர்ல கண்டுபிடிக்கிறதுக்கும் இதான் வழி.

இதுலயே பாதி விஷயம் புரிஞ்சிடும். பாட்டோட சக்தியில பெரும்பகுதி கீழ் ஜோடிக்குத்தான் போகுது. டூ-வே ஸ்பீக்கர்ல பொதுவா 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் பிரிப்பாங்க, அதுக்கு மேல போற பவர் ரொம்ப கம்மி. அதனால ட்வீட்டருக்குன்னு தனியா ஒரு 100 வாட்ஸ் ஆம்ப் குடுத்தா அது சும்மா உக்காந்திருக்கும். த்ரீ-வே ஸ்பீக்கர்ல கதை கொஞ்சம் மாறும், அங்க கீழ் ஜோடி வெறும் பேஸ் டிரைவருக்கு, மேல் ஜோடி மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் சேந்து, பிரிக்கிற இடம் சில நூறு ஹெர்ட்ஸ்லயே வந்துடும், அதனால வேலை கொஞ்சம் சமமா பங்காகும்.

பாட்ட பிரிக்கிறது ஸ்பீக்கருக்குள்ள இருக்குற கிராஸ்ஓவர், காயிலும் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேந்த ஒரு போர்டு. ஆம்ப்ல இருந்து வர்றது எப்பவும் முழுப் பாட்டுதான், மேல் ஜோடிக்கு போனாலும் கீழ் ஜோடிக்கு போனாலும். இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

பை-வயரிங்: மாடில டேங்க் ஒண்ணு, குழாய் ரெண்டு

ஒரே ஆம்ப் சேனல்ல இருந்து ரெண்டு ஜோடி வயர், ஒண்ணு ட்வீட்டர் டெர்மினலுக்கு, ஒண்ணு ஊஃபர் டெர்மினலுக்கு. தகட மட்டும் கழட்டிடணும். ஆம்ப் பக்கத்துல ரெண்டு வயரும் ஒரே திருகுலதான் முடியுது, அதனால ஆம்ப பொறுத்தவரைக்கும் எதுவும் மாறல, அதே லோடு, அதே வோல்டேஜ். மாறுனது ஒண்ணே ஒண்ணு, ரெண்டு டிரைவரும் சேந்து ஒரு வயரோட ரெசிஸ்டன்ஸ பகிர்ந்துக்கிட்டது போயி ஆளுக்கு ஒண்ணு ஆச்சு. ஊஃபர் இழுக்குற பெரிய கரண்ட் ட்வீட்டரோட வயர்ல ஓடாதுன்னு சொல்றது உண்மைதான். அந்த உண்மை எவ்வளவு பெருசுங்கிறதுதான் கேள்வி.

கணக்கு போட்டுடலாம். 16 கேஜ் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.013 ஓம். ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தா போயிட்டு வர்றதுக்கு 6 மீட்டர், மொத்தம் 0.08 ஓம் பக்கம். 6 ஓம் ஸ்பீக்கர்ல இதனால குறையுற சத்தம் 0.1 டெசிபல் சொச்சம். அதையே 12 கேஜ் (கேஜ் நம்பர் குறைய குறைய வயர் தடி) ஒத்த வயரா போட்டா 0.05 டெசிபலுக்கும் கீழ வந்துடும். ஆக நாம அடிச்சுக்கிறது ஒரு டெசிபல்ல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியான விஷயத்துக்கு. டேம்பிங் (ஊஃபர் கோன் தேவைக்கு மேல ஆடாம ஆம்ப் புடிச்சு நிறுத்துறது) நல்லா இருக்கும்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான், ஊஃபரோட வாய்ஸ் காயில் ரெசிஸ்டன்ஸே 3ல இருந்து 6 ஓம் வரைக்கும் இருக்கு, அது பக்கத்துல வயரோட 0.08 என்னத்த கிழிக்கப் போகுது. வயர் பத்தல, தூரம் அதிகம்னு தோணுனா ஒரே ஒரு தடி வயரா போடுங்க, வேலையும் மிச்சம்.

ஸ்பீக்கர் செய்றவங்களே இதுல ஒத்துப் போகல. வாண்டர்ஸ்டீன் பை-வயர் பண்ணச் சொல்றாங்க, டைனாடியோ ஒரு ஜோடி டெர்மினல்தான் குடுக்குறாங்க. ரெண்டு பேர் ஸ்பீக்கரையும் நல்லாருக்குன்னு கொண்டாட ஆள் இருக்கு, அப்ப நல்லாருக்குறதுக்கு காரணம் டெர்மினல் எண்ணிக்கை இல்லன்னுதானே அர்த்தம்.

ரிசீவர்ல பை-ஆம்ப்: ஆசை காட்டி ஏமாத்துற மெனு

7 சேனல் ரிசீவர் வாங்கி 5.1தான் (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போட்டிருப்போம், ரெண்டு சேனல் சும்மா கிடக்கும். மெனுவுக்குள்ள போனா ஆம்ப் அசைன்னு ஒண்ணு, அதுல பை-ஆம்ப்னு ஒண்ணு. அத போட்டா சர்ரவுண்ட் பேக் டெர்மினல்ல முன்பக்க ஸ்பீக்கரோட சிக்னலே வரும். 100 வாட்ஸும் 100 வாட்ஸும் 200 வாட்ஸ்னு நாம கணக்கு போட்டுடுவோம், அங்கதான் சறுக்கல்.

8 ஓம் ஸ்பீக்கருக்குள்ள 100 வாட்ஸ் போகணும்னா ஆம்ப் உச்சத்துல 40 வோல்ட் தள்ளணும். நான் முன்னாடி சொன்னேன்ல, மேல் ஜோடிக்கும் முழுப் பாட்டுதான் போகுதுன்னு, அதனால பை-ஆம்ப்ல ரெண்டு ஆம்பும் அதே 40 வோல்ட் முழுசா தள்ளணும். 45 வோல்ட் தேவைப்படுற ஒரு இடி வந்தா ரெண்டு ஆம்பும் ஒண்ணா ஒரே நொடியில கிளிப் ஆகும், அதாவது அலையோட உச்சி வெட்டுப்பட்டு கரகரக்கும். வோல்டேஜ் எல்லை ஒரு இஞ்ச் கூட நகரல. குறையுறது ஒவ்வொரு ஆம்பும் குடுக்க வேண்டிய கரண்ட் மட்டும்தான், அதுவும் ட்வீட்டரோட பங்கு கொசுறு அளவுதான்னு மேல சோதனையிலயே காதால கேட்டுட்டோம்.

அதோட உள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணுதான். ரிசீவர் பெட்டி மேல போட்டிருக்குற வாட்ஸ் பெரும்பாலும் ரெண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது, எல்லா சேனலையும் ஒண்ணா ஓட்டுனா கம்மியாயிடும். ஒரே பவர் சப்ளையில இருந்து எத்தனை ஆம்ப் உறிஞ்சுனாலும் மொத்தத்துல வர்றது அதே தண்ணிதான். சரி, ஒரு பேச்சுக்கு நெஜமாவே பவர் டபுள் ஆச்சுன்னு வெச்சாலும் கிடைக்கிறது 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா 10 டெசிபல் வேணும், அதுக்கு 10 மடங்கு பவர் வேணும்.

எனக்கு இதுல பெரிய கோபமே வேற. இந்த ரெண்டு சேனல இப்படி வீணாக்குனா அட்மாஸுக்குன்னு (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர வைக்கிற டால்பி முறை) உயரத்துல ரெண்டு ஸ்பீக்கர் போட முடியாது. 5.1.2 ஆக வேண்டிய செட்டப் 5.1லயே நின்னுடும். தலைக்கு மேல மழை பெய்யுற சத்தம் எங்க, இந்த கண்ணுக்குத் தெரியாத 0.1 டெசிபல் எங்க!

நியாயமா ஒண்ணு சொல்லணும். பேஸ்ல இம்பீடன்ஸ் (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டுற எதிர்ப்பு) 3 ஓம் வரைக்கும் இறங்குற பெரிய த்ரீ-வே ஸ்பீக்கர், ரிசீவர் கரண்ட் குடுக்க முடியாம திணறுதுன்னா, கரண்ட் பங்காகுறதால சத்தமா வெக்கும்போது கொஞ்சம் மூச்சு விடும். ஆனா அந்த நோய்க்கு சரியான மருந்து ரிசீவரோட ப்ரீ-அவுட்ல (பெருக்காத சிக்னல் வெளிய வர்ற சாக்கெட்) ஒரு நல்ல பவர் ஆம்ப மாட்டுறது.

இல்ல, நான் பண்ணித்தான் பாப்பேன்னா

பண்ணுங்க, தப்பே இல்ல, ஆனா ஆம்ப கொளுத்திடாம பண்ணுங்க.

எல்லா பிளக்கையும் புடுங்கிட்டு தொடங்குங்க. ரெண்டு ஸ்பீக்கர்லயும் தகட கழட்டி, எண்ணிப் பாத்து, நாலு தகடும் உங்க சட்டைப் பையில இருக்குன்னு தெரிஞ்சாதான் அடுத்த வேலை. இத நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு காரணம் இருக்கு. பை-வயர்ல தகட மறந்தா ஒண்ணும் ஆகாது, என்னை மாதிரி அசடு வழிஞ்சிட்டு போயிடலாம். பை-ஆம்ப்ல மறந்தா ரெண்டு ஆம்போட அவுட்புட்டும் நேருக்கு நேர் ஒண்ணா முட்டிக்கும், ஆம்ப் தானா ஆஃப் ஆயி புரொடெக்ஷன்ல போயி நின்னா உங்க அதிர்ஷ்டம், இல்லன்னா அவுட்புட் டிரான்சிஸ்டர் காலி. சில ஸ்பீக்கர்ல தகடு வெளியில இருக்காது, திருகு மாதிரி ஒரு குமிழ் இருக்கும், கேஇஎஃப் கம்பெனியோட ஆர் சீரிஸ்ல அப்படித்தான், அத மேனுவல்ல சொன்ன பக்கம் திருப்பணும்.

அடுத்து வயர். 10, 12 மில்லிமீட்டர் அளவு தோல உரிச்சு, செம்பு இழைய நல்லா முறுக்குங்க, ஒத்த இழை கூட பக்கத்து டெர்மினல தொடக் கூடாது. பனானா பிளக் போட்டா இந்தக் கவலையே இல்ல. நாலு வயர் ஒரே நிறத்துல பின்னாடி தொங்கும்போது கண்டிப்பா குழம்புவீங்க, அதனால முன்னாடியே கலர் டேப் சுத்திடுங்க, ட்வீட்டர் வயருக்கு ஒரு கலர், ஊஃபருக்கு ஒரு கலர், ரெண்டு முனையிலயும்.

பை-வயர்னா ரெண்டு வயரும் ஆம்ப்ல ஒரே ஜோடிக்கு, சிவப்பு சிவப்போட, கருப்பு கருப்போட. ஸ்பீக்கர் A, ஸ்பீக்கர் B-ன்னு ரெண்டு செட் இருக்குற ஆம்ப்னா A-வ ஊஃபருக்கும் B-ய ட்வீட்டருக்கும் போட்டு ரெண்டையும் ஆன் பண்ணலாம், ஆனா சில ஆம்ப்ல ரெண்டையும் ஆன் பண்ணா சீரிஸ்ல (ஒண்ணு பின்னாடி ஒண்ணா) சேரும், மேனுவல பாத்துக்கோங்க. ரிசீவர் பை-ஆம்ப்னா எந்த டெர்மினல் எந்த டிரைவருக்குங்கிறத மேனுவல் படத்துல பாத்து மாட்டி, மெனுவுல ஆம்ப் அசைன பை-ஆம்புக்கு மாத்துங்க. மாத்த மறந்தா ஒரு ஜோடியில சத்தமே வராது.

ஆன் பண்றதுக்கு முன்னாடி பிளஸ் மைனஸ ஒரு தடவ விரலால தொட்டுத் தொட்டு சரி பாருங்க. ஊஃபர் வயர்ல சந்தேகம்னா, ஆம்ப் பக்கம் முழுசா கழட்டிட்டு, தகடு இல்லன்னு உறுதி பண்ணிட்டு, 1.5 வோல்ட் பேட்டரிய வயர் முனையில ஒரு நொடி தொடுங்க. பேட்டரி பிளஸ் சிவப்புல பட்டா கோன் வெளிய தள்ளும், பெரும்பாலான ஸ்பீக்கர்ல இப்படித்தான், கட்டாயம் ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி நகரணும். ட்வீட்டர்ல இத பண்ண வேணாம். அப்புறம் வால்யூம அடியில வெச்சு ஆன் பண்ணி, ஒவ்வொரு டிரைவர் பக்கத்துலயும் காத வெச்சு கேளுங்க. எல்லாம் பாடுதுன்னா ரூம் கரெக்ஷன் (ரூமுக்கு ஏத்த மாதிரி ரிசீவரே சத்தத்த சரி பண்ற வசதி), ஆடிஸியோ ஒய்பாவோ டிராக்கோ எதுவா இருந்தாலும், திரும்ப ஒரு தடவ ஓட்டிடுங்க.

வேற வேற ஆம்ப் கலந்தா வர்ற வம்பு

பேஸுக்கு ஒரு தடி பவர் ஆம்ப், ட்வீட்டருக்கு இனிமையான இன்னொண்ணுன்னு கலக்கணும்னு சில பேர் ஆசைப்படுவாங்க. இங்க நெஜமாவே வித்தியாசம் கேக்கும், ஆனா பெரும்பாலும் தப்பான காரணத்துக்கு. ஒரு ஆம்போட கெயின் (சிக்னல எவ்வளவு பெருக்குதுங்கிறது) 26 டெசிபல், இன்னொண்ணு 29 டெசிபல்னு வெச்சுக்கோங்க, ட்வீட்டர் பக்கம் 3 டெசிபல் தூக்கிடும், உடனே "ஆகா என்ன டீட்டெய்லு"ன்னு தோணும். அது ட்ரெபிள் குமிழ திருகுனதுக்கு சமம், இதுக்கு ஒரு தனி ஆம்பா!

சரி பண்றது சுலபம். ஸ்பீக்கர கழட்டிட்டு, 60 ஹெர்ட்ஸ் சைன் டோன ஒரே வால்யூம்ல போட்டு, ரெண்டு ஆம்ப் அவுட்புட்லயும் மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு அளங்க. 60 ஹெர்ட்ஸ் ஏன்னா சாதா மீட்டர் அந்த இடத்துலதான் ஒழுங்கா காட்டும். ஒண்ணு 2 வோல்ட், இன்னொண்ணு 2.8 வோல்ட்னா அந்த 3 டெசிபல் அதுதான். கெயின் குமிழ் இருக்குற ஆம்ப குறைச்சு சமமாக்குங்க. குமிழே இல்லன்னா ஒரே மாடல் ஆம்பா ரெண்டு போடுங்க. சில ஆம்ப் போலாரிட்டிய (பிளஸ் மைனஸ) தலைகீழாக்கும், அத கவனிக்கலன்னா கிராஸ்ஓவர் இடத்துல குரலே பள்ளத்துல விழுந்த மாதிரி இருக்கும்.

ஆக்டிவ்: இதுதான் அசல் பை-ஆம்பிங்

இங்க பாட்ட ஆம்புக்கு முன்னாடியே பிரிச்சிடுவாங்க. ஆக்டிவ் கிராஸ்ஓவரோ மினிடிஎஸ்பி மாதிரி ஒரு பெட்டியோ பேஸ ஒரு ஆம்புக்கும் ட்ரெபிள இன்னொண்ணுக்கும் அனுப்பும், ஸ்பீக்கருக்குள்ள இருக்குற பழைய கிராஸ்ஓவர் வெளிய வந்துடும், ஆம்ப் நேரா டிரைவரோட பேசும். இப்ப அந்த வோல்டேஜ் கணக்க திரும்ப போடுங்க. பேஸுக்கு உச்சம் 20 வோல்ட், ட்ரெபிளுக்கு உச்சம் 20 வோல்ட்னா, ரெண்டும் ஒரே நேரத்துல உச்சிக்கு வந்தா ஒத்த ஆம்புக்கு 40 வோல்ட் வேணும், 8 ஓம்ல அது 100 வாட்ஸ் ஆம்ப். பிரிச்சு குடுத்தா ஆளுக்கு 20 வோல்ட் போதும், அது வெறும் 25 வாட்ஸ். ரெண்டு 25 வாட்ஸ் ஆம்ப் ஒரு 100 வாட்ஸ் ஆம்போட வேலைய பாக்குது. பேஸ் ஆம்ப் கிளிப் ஆனாலும் அந்த கரகரப்பு ட்வீட்டருக்கு போகாது. பிரிக்கிற சரிவும் ஒரு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் ரெண்டு மடங்காகுறதுக்கு) 24 டெசிபல்னு செங்குத்தா வெக்கலாம், சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976ல எழுதுன லிங்க்விட்ஸ்-ரைலி முறைதான் இன்னிக்கும் அதிகமா ஓடுது. ஸ்டூடியோ மானிட்டர்ல பெரும்பாலும் இப்படித்தான் உள்ள இருக்கும்.

ஆனா கடையில வாங்குன நல்ல ஸ்பீக்கர பிரிச்சு இத பண்ணாதீங்க. அந்த கிராஸ்ஓவர்ல பிரிக்கிற வேலை மட்டும் இல்ல, ட்வீட்டர் சத்தத்த ஊஃபருக்கு சமமா குறைச்சது, பெட்டியோட அகலத்தால வர்ற ஏத்த இறக்கத்த சரி பண்ணது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அத தூக்குனா எல்லாத்தையும் நீங்களே மைக் வெச்சு அளந்து திரும்ப கட்டணும். கிராஸ்ஓவர உள்ளயே விட்டுட்டு வெளியில இன்னொண்ணு போடுறது ரெண்டுங்கெட்டான். ட்வீட்டர நேரா ஆம்ப்ல மாட்டுனா ஆன் பண்ணும்போது வர்ற ஒரு "டொப்"பே அத முடிச்சிடும், சீரிஸ்ல ஒரு கெபாசிட்டர் காவலுக்கு வெக்கணும். சொந்தமா ஸ்பீக்கர் கட்டுற ஆளா இருந்தா இதவிட நல்ல விளையாட்டு கிடையாது.

காது பொய் சொல்லுதான்னு பாக்குறது

1994ல ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஆடியோ ஆராய்ச்சியாளர்கள் ஸ்பீக்கர்கள கண்ணால பாத்துட்டு கேக்குறப்பவும் திரைக்குப் பின்னாடி வெச்சு கேக்குறப்பவும் மார்க் போடச் சொன்னாங்க, பாத்துட்டு கேட்டப்போ மார்க்கே மாறிடுச்சு. எல்லாருக்கும் இப்படித்தான், என் ஒரு வாரக் கூத்து அதுக்கு சாட்சி.

வீட்ல செய்ய ஒரு வழி. பை-வயர் ரெண்டு ஜோடியும் மாட்டியே இருக்கட்டும். கூட இருக்குற ஒருத்தர நாணயம் சுண்டச் சொல்லுங்க, தலை விழுந்தா தகட போடணும், பூ விழுந்தா கழட்டணும். நீங்க ரூமுக்கு வெளிய நில்லுங்க. மாத்தம் இல்லன்னாலும் அவர் ஒவ்வொரு தடவையும் ஆம்ப ஆஃப் பண்ணி திருகி எடுத்து மாட்டணும், இல்லன்னா எடுத்துக்கிட்ட நேரத்த வெச்சே கண்டுபிடிச்சிடுவீங்க. வால்யூம தொடவே கூடாது, அதே பாட்டு, அதே 20 நொடி. 10 தடவ எழுதி வெச்சு பாருங்க, 9 சரின்னா நான் தொப்பிய கழட்டுறேன், குருட்டாம்போக்குல அப்படி வர்ற வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான். இந்த விளையாட்ட பை-ஆம்ப்ல மட்டும் ஆடிடாதீங்க, தகடு போட்டா என்ன ஆகும்னு மேல சொல்லியிருக்கேன்.

நான் 5 சரி. மைக்கும் வெச்சு பாத்தேன், ஆர்இடபிள்யூன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, உக்கார்ற இடத்துல மைக்க நிறுத்தி ரெண்டு விதத்துலயும் ஸ்வீப் (அடி பேஸ்ல இருந்து உச்ச ட்ரெபிள் வரைக்கும் ஏறுற ஒரு டோன்) எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டேன். ரெண்டு கோடும் ஒட்டிக்கிச்சு. மைக்க ஒரு சாண் நகத்துனேன், பேஸ்ல கோடு பல டெசிபல் குதிச்சுது.

அந்த ஒரு சாண்தான் என்னை மாத்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஸ்பீக்கர சுவத்துல இருந்து முன்னாடி இழுத்தேன், கொஞ்சம் உள்பக்கமா திருப்புனேன், ரிசீவர்ல எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால்னு மாத்தி 80 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளத சப்வூஃபருக்கு தள்ளுனேன். கனமான பேஸ் வேலை ரிசீவர் தலைல இருந்து இறங்குனதுக்கப்புறம் அது சத்தமா வெச்சாலும் முன்ன மாதிரி திணறல. வீட்ல கேட்டவங்க "என்ன மாத்துன?"ன்னு அவங்களே கேட்டாங்க, பை-வயர் பண்ணப்போ ஒருத்தரும் கேக்கல. பித்தளைத் தகட லேசா தேய்ச்சு சுத்தம் பண்ணி பழைய இடத்துலயே இறுக்கிட்டேன். ரெண்டாவது செட் வயர் இப்ப பின்பக்க சர்ரவுண்ட் ஸ்பீக்கருக்கு ஓடிட்டிருக்கு, நீளம் சரியா பத்துச்சு.